ரோமின் தண்ணீர்க் கணக்கைத் திறந்தவர்

பண்டைய ரோமின் நீர்வழங்கல் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் வருவது வளைவுகளின் படம்தான். வெட்டவெளியில் வரிசையாக நிற்கும் உயரமான கல் வளைவுகள், அவற்றின் உச்சியில் தண்ணீர் ஓடிய கால்வாய். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், அந்தப் படம் முழு உண்மையையும் சொல்வதில்லை. ரோமுக்கு வந்த தண்ணீரில் பெரும்பகுதி வளைவுகளின் மேலால் வரவில்லை. நிலத்துக்கு அடியால் வந்தது. நகரின் முதலாவது கால்வாய் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளமானது. அதில் நிலத்துக்கு மேலே தெரிந்தது நூறு மீற்றர்கூட இல்லை.

இப்படியான விபரங்கள் இன்று நமக்குத் தெரிவதற்குப் பெரிதும் காரணமானவர் ஒரு மனிதர். பெயர் செக்ஸ்டஸ் ஜூலியஸ் புரொன்டினஸ். அவர் பொறியியலாளர் அல்ல. இந்தக் கால்வாய்களில் ஒன்றைக்கூட அவர் கட்டவில்லை. போர்வீரராக இருந்து, மாகாண ஆளுநராக இருந்து, ஏறத்தாழ அறுபது வயதில் ரோம் நகரின் நீர் ஆணையாளராக நியமிக்கப்பட்டவர். கதிரையில் அமர்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்ததுதான். வளைவுகளைக் கட்டியவர்களை விட இந்தக் கணக்குப் பார்த்த மனிதர்தான் என்னைக் கூடுதலாக ஈர்க்கிறார். அவர் கண்டுபிடித்ததற்காக மட்டுமல்ல, கண்டுபிடித்த பிறகு சொல்லாமல் விட்டதற்காகவும்.

அவருடைய இளமைக்காலம் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. வரலாற்றில் அவர் பெயர் தெளிவாக வருவது கி.பி. 70ஆம் ஆண்டின் முதலாம் திகதி. நீரோ இறந்த பிறகு ஒன்றரை ஆண்டுக்குள் நான்கு பேர் பேரரசர் ஆகி, ரோம் உள்நாட்டுப் போரில் சீரழிந்து கிடந்த நேரம் அது. கடைசியாக வென்ற வெஸ்பாசியன் இன்னும் தலைநகருக்கு வந்து சேரவில்லை. நகரின் பிரேட்டர் என்ற நீதிப் பதவியில் இருந்த புரொன்டினஸ்தான் அன்று செனற் சபையைக் கூட்டினார். சில நாட்களில் அவர் பதவியைத் துறந்தார். அந்த இடம் வெஸ்பாசியனின் இளைய மகன் டொமீசியனுக்குப் போனது. எப்போது விலகி நிற்க வேண்டும் என்று தெரிந்த மனிதர். இந்தக் குணம் பின்னர் அவருடைய உயிரையே காப்பாற்றியிருக்கக் கூடும்.

அதே ஆண்டு ரைன் நதிப் பக்கம் எழுந்த கிளர்ச்சியை அடக்கும் படையில் இருந்தார். லிங்கோனஸ் என்ற கோலிய இனத்தவரின் நகரம் சூறையாடப்படாமல் விடப்பட்டதைக் கண்டு, அவர்கள் ஆயுதம் தாங்கிய 70,000 பேரைத் தன்னிடம் ஒப்படைத்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். பின்னர் கொன்சல் பதவி. அதன் பிறகு, 74ஆம் ஆண்டளவில், பிரித்தானியாவின் ஆளுநர். இன்றைய தென் வேல்சில் வாழ்ந்த சிலூரஸ் மக்களை அவர் போரிட்டு அடக்கினார். அந்த மக்களின் வீரத்தையும் மலைநிலத்தின் கடினத்தையும் அவர் வென்றதாக வரலாற்றாசிரியர் டசிடஸ் பாராட்டுகிறார். தங்கள் மலைகளுக்குள் ரோமப் படை நுழைவதை முப்பது ஆண்டுகளாகத் தடுத்து நின்ற மக்கள் அவர்கள். அவர்கள் தரப்பில் இந்தக் கதையை எழுதி வைக்க ஒருவரும் இருக்கவில்லை. ரோமுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பணத்தின் ஒரு பங்கு இப்படியான போர்களில் இருந்துதான் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம். நகரின் இரண்டாவது கால்வாயான பழைய ஆனியோ, பிரஸ் மன்னனிடம் கைப்பற்றிய கொள்ளைப் பொருளில் கட்டப்பட்டது.

பிரித்தானியாவில் இருந்து திரும்பிய பிறகு ஆசியா மாகாணத்தின் ஆளுநராகவும் இருந்தார். இன்றைய துருக்கியில், பாமுக்கலே என்ற இடத்தில் உள்ள ஹீராபொலிஸ் இடிபாடுகளில் அவர் காலத்தில் கட்டப்பட்ட நகர வாயில் இரு வட்டக் கோபுரங்களுடன் இன்னும் நிற்கிறது. அது டொமீசியனுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த டொமீசியன் இப்போது பேரரசர். அவருடைய கடைசி ஆண்டுகளில் செனற்றர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். புரொன்டினஸ் தப்பினார். போர்த் தந்திரங்களைத் தொகுத்து ஒரு நூலும், நில அளவை பற்றிய குறிப்புகளும் எழுதினார். வாயை மூடிக்கொண்டு, பயனுள்ள நூல்களை எழுதியபடி ஒரு கொடுங்கோலரின் காலத்தைக் கடந்துவிட்டார் என்று சொல்லலாம். 96இல் டொமீசியன் கொலை செய்யப்பட்டார். முதியவரான நேர்வா பேரரசர் ஆனார். மறு ஆண்டு, 97இல், புரொன்டினசுக்கு நீர் ஆணையாளர் பதவி கிடைத்தது.

அவர் பொறுப்பேற்ற வலையமைப்பு எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரோமர்கள் நகரம் அமைத்து 441 ஆண்டுகள் வரை டைபர் ஆற்றிலும் கிணறுகளிலும் ஊற்றுகளிலும்தான் தண்ணீர் எடுத்தார்கள். கி.மு. 312இல் அப்பியா என்ற முதல் கால்வாய் வந்தது. இதிலும் ஒரு சூழ்ச்சிக் கதை உண்டு. ஊற்றைத் தேடிக் கண்டுபிடித்தவர் புளோசியஸ் என்ற அதிகாரி. அவர் பதினெட்டு மாதத்தில் முறைப்படி பதவி விலகினார். அவருடைய சக அதிகாரி அப்பியஸ் கிளோடியசும் தன்னைப் போலவே விலகுவார் என்று அவர் நம்பியிருந்தார். அப்பியசோ ஏதேதோ காரணம் காட்டிப் பதவியை இழுத்தடித்து வேலையை முடித்தார்; பெயரும் அவருக்கே போனது. கால்வாய்க்கு அப்பியா என்று பெயர். புளோசியசை யாருக்கும் தெரியாது.

கி.மு. 272இல் பழைய ஆனியோ. கி.மு. 144இல் தொடங்கிய மார்சியா 91 கிலோமீற்றர் நீளமானது. அதில் ஏறத்தாழ 11 கிலோமீற்றர் மட்டுமே நிலத்துக்கு மேல். அதற்கு 18 கோடி செஸ்டர்ஸ் ஒதுக்கப்பட்டதாக ஒரு கணக்கு. அதன் பிறகு டெபுலா, யூலியா, வேர்கோ, அல்சியெடினா. கடைசியில் கலிகூலா 38இல் தொடங்கி, கிளோடியஸ் 52இல் முடித்த கிளோடியாவும் புதிய ஆனியோவும். கடைசி இரண்டும் நகரை நெருங்கும்போது ஒரே வளைவு வரிசையின் மேல், ஒன்றின் தலையில் மற்றொன்றாக வந்தன. சில இடங்களில் வளைவின் உயரம் 109 ரோம அடி. ரோமில் போர்ட்டா மஜ்ஜோரே வாயிலுக்குப் போகிறவர்கள் அந்த இரண்டு கால்வாய்த் துளைகளையும் மேலே இன்றும் பார்க்கலாம். இப்படி மொத்தம் ஒன்பது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றே: தண்ணீர் தானாகவே இறங்கி வர வேண்டும். பம்பி கிடையாது. உயரமான இடத்தில் ஊற்றைப் பிடித்து, அங்கிருந்து நகரம் வரை மிக மெல்லிய சாய்வைக் கைவிடாமல் கொண்டுவர வேண்டும். சாய்வு கூடினால் ஓட்டம் கால்வாயை அரிக்கும்; குறைந்தால் தண்ணீர் தேங்கிச் சேறு படியும். மட்டம் பார்க்க இருபது அடி நீளமான மேசை போன்ற ஒரு கருவியை வைத்திருந்தார்கள். மலையை ஊடறுக்க வேண்டிய இடத்தில், மேலிருந்து இடைக்கிடை கிணறுகளைத் தோண்டி இறங்கி, ஒரு கிணற்றின் அடியில் இருந்து அடுத்த கிணற்றின் அடிக்குச் சுரங்கம் வெட்டினார்கள். அந்தக் கிணறுகளே பின்னர் துப்புரவு செய்ய ஆட்கள் இறங்கும் வழியாகின. கால்வாயின் உட்புறத்தில் சுண்ணாம்புடன் இடித்த ஓட்டுத் தூளைக் கலந்து பூசினார்கள். அது நீரைக் கசிய விடாது. பள்ளத்தாக்கு குறுக்கிட்டால் சுற்றிப் போனார்கள். சுற்ற முடியாத இடத்தில், நகரை அண்டிய தாழ்நிலத்தில், அப்போதுதான் வளைவு. வளைவு பெருமைக்காக அல்ல, வேறு வழியில்லாததால் வந்தது. (பெருமையும் பிறகு சேர்ந்துகொண்டது என்பது வேறு விடயம்.)

வழியில் அகலமான தொட்டிகள். அங்கே ஓட்டம் தணிந்து சேறு அடியில் படியும். நகருக்குள் வந்ததும் உயரமான இடங்களில் பகிர்வுத் தாங்கிகள். தாங்கியின் சுவரில் வெண்கலத்தால் ஆன வாய்க்குழல்கள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் இருந்து ஈயக் குழாய்கள் தெருக்களுக்குக் கீழால் போகும். ஈயத் தகட்டை உருளையைச் சுற்றி வளைத்து, விளிம்பை ஒட்டினால் குழாய். ஒரு துண்டு பத்து அடி நீளம். ஈயம் உடலுக்குக் கேடு என்று விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் புரொன்டினசுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார். ஆனாலும் ஈயம் மலிவு, வளைக்க இலகு.

தெருவோரத் தொட்டிகளில் தண்ணீர் இரவு பகலாக ஓடியது. சாதாரண சனத்துக்குத் தண்ணீர் அங்கேதான். குடத்துடன் வந்து இலவசமாக எடுத்துப் போகலாம். வீட்டுக்குள் குழாய் வேண்டுமென்றால் பேரரசரிடம் விண்ணப்பித்து அனுமதிக் கடிதம் பெற வேண்டும். அந்த அனுமதி ஆளுக்கு உரியது, வளவுக்கு அல்ல. வாரிசுக்கும் போகாது, காணியை வாங்கியவருக்கும் போகாது. இந்த ஒரு விதியை வைத்துத்தான் பெரும் வியாபாரம் நடந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பதவிக்கு வந்ததும் புரொன்டினஸ் தனக்குத் தானே ஒரு கடமையை விதித்துக்கொண்டார்: பொறுப்பெடுத்த வேலையை முதலில் தான் அறிய வேண்டும். மேலதிகாரி ஒருவர் தன் கீழ் உள்ளவர்களின் அனுபவத்தை மட்டும் நம்பிக் கதிரையில் இருப்பது வெட்கக்கேடு என்று கருதினார். கீழ் உள்ளவர்கள் கைகால்களாக இருக்கலாம், தலையாக இருக்கக்கூடாது என்பது அவருடைய எண்ணம். எனக்கு இதைப் படித்தபோது ஒரு அலுவலகம் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊருக்கு வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வருகிறது என்று கேட்டதற்கு, அங்கிருந்த பெரிய உத்தியோகத்தர் மணியடித்து ஒரு லிகிதரை அழைத்தார். அவர் இன்னொருவரை அழைத்தார். கடைசியில் வாசலில் நின்ற வோல்வு திறக்கும் தொழிலாளிதான் பதில் சொன்னார்.

புரொன்டினஸ் நடந்தார். ஊற்றுகள் வரை போனார். ஒவ்வொரு கால்வாயும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு நிலத்துக்கு அடியில், எவ்வளவு வளைவின் மேல் என்று அடியெண்ணிப் பதிந்தார். பள்ளத்தாக்கும் ஆற்றைக் கடக்கும் இடமும் காட்டும் வரைபடங்களைத் தயாரித்தார். எங்கே உடைப்பு ஏற்பட்டாலும், அலுவலகத்தில் இருந்தபடியே அந்த இடத்தில் நிற்பதுபோல் முடிவெடுக்க அவை உதவின. இந்தக் குறிப்புகள்தான் பின்னர் ரோமின் நீர்வழங்கல் பற்றிய அவருடைய சிறு நூலாயின. முதலில் தன் சொந்த வழிகாட்டலுக்காக எழுதியது அது.

அதன் பிறகு பதிவேடு. ரோமில் நீரை அளக்கும் அலகுக்குக் குயினாரியா என்று பெயர், ஏறத்தாழ 2.3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயின் வாய் ஒரு குயினாரியா. அரச பதிவேட்டின்படி ஒன்பது கால்வாய்களாலும் நகருக்கு வந்தது 12,755 குயினாரியா. அதே பதிவேட்டின்படி பகிர்ந்தளிக்கப்பட்டது 14,018. அதாவது வந்த தண்ணீரை விடக் கொடுத்த தண்ணீர் 1,263 குயினாரியா அதிகம். பல ஆண்டுகளாக இந்தப் பதிவேடு அரச அலுவலகத்தில் கிடந்திருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் பேசவில்லை.

புரொன்டினஸ் தலைவாயில்களுக்குப் போய் அளந்தார். பதிவேட்டில் உள்ளதை விட ஏறத்தாழ 10,000 குயினாரியா கூடுதலாகக் கால்வாய்களுக்குள் வந்துகொண்டிருந்தது. மார்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள்: பதிவேட்டில் 2,162, ஊற்றடியில் அளந்தபோது 4,690. கணக்கில் எழுதியதை விடக் கணக்கில் வராத தண்ணீர் கூட. ஆகவே, ரோமுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இருக்கவில்லை. தண்ணீர் வழியில் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

எங்கே போனது என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டும் பகுதிதான் நூலின் உயிர். முதலாவது, குழாய் அளவில் மோசடி. நீர்ப்பணியாளர்கள் நான்கு குழாய் அளவுகளை மாற்றி வைத்திருந்தார்கள். தாங்கள் தண்ணீரை வாங்கும் பெரிய குழாய்கள் விதித்த அளவை விடப் பெரியவை. தாங்கள் மக்களுக்குக் கொடுக்கும் குழாய்கள் விதித்த அளவை விடச் சிறியவை. இடையில் மிஞ்சியது விற்பனைக்கு. இரண்டாவது, வெண்கல வாய்க்குழல். அது வெண்கலத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்ததற்குக் காரணம், ஈயம் போல் அதை எளிதில் விரிக்க முடியாது. அளவு பார்த்து முத்திரை குத்தவும் வேண்டும். ஆனால், முத்திரை இல்லாத வாய்க்குழல்கள் இருந்தன. முத்திரை இருந்தும் அளவு பெரிதானவை இருந்தன. சில இடங்களில் வாய்க்குழல் சரியான அளவுதான், உடனே அதன் பின்னால் பெரிய குழாயை மாட்டியிருந்தார்கள். அப்படிச் செய்தால் ஓட்டம் கூடும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். வாய்க்குழலைத் தாங்கியில் கொஞ்சம் கீழே பொருத்தினாலும் அழுத்தம் கூடித் தண்ணீர் அதிகம் வரும். இந்த நுட்பம் எல்லாம் தெரிந்தவர்கள் திருடர்களாக இருந்ததை என்னவென்று சொல்வது?

மூன்றாவது, அனுமதி ஆளுக்கு உரியது என்ற விதியைச் சுற்றிய வியாபாரம். வீடு கைமாறிப் புது உரிமையாளர் அனுமதி பெற்றால், பழைய துளையை அடைத்துவிட்டுப் புதியது திறக்க வேண்டும். நீர்ப்பணியாளர் புதிய துளையைத் திறந்தார், பழையதை அடைக்கவில்லை. அந்தப் பழைய துளையின் தண்ணீர் அவருடைய சொந்தச் சொத்து. நான்காவது, குத்துகள். நகரம் முழுக்க நடைபாதைகளுக்குக் கீழே போகும் குழாய்களில் இரகசியமாகத் துளையிட்டு, வழியில் உள்ள கடைகளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். இந்த வேலைக்கென்றே ஒரு ஆள் இருந்தார், அவருக்கு ஒரு பதவிப் பெயர்கூட இருந்தது. திருட்டுக் குழாய்களைப் புரொன்டினஸ் தோண்டி எடுத்தபோது, சேர்ந்த ஈயம் மட்டும் பெருந்தொகையாக இருந்தது.

நகருக்கு வெளியே நடந்தது வேறு. அங்கே குற்றவாளி நீர்ப்பணியாளர் மட்டுமல்ல, காணிக்காரரும்தான். கால்வாய் தங்கள் நிலத்தைக் கடந்து போகும் இடத்தில் சுவரை உடைத்துத் தோட்டங்களுக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள். பொதுக் கால்வாய் ஒரு செல்வந்தரின் தோட்டத்துக்காக நின்றுபோன சம்பவங்கள் உண்டு. கால்வாயின் இருபுறமும் 15 அடிக்குள் மரம் நடவோ கட்டடம் எழுப்பவோ கூடாது என்று கி.மு. 11இல் செனற் தீர்மானித்திருந்தது. வேர் சுவரைப் பிளக்கும், பழுதுபார்க்க ஆட்கள் போக வழி வேண்டும். மீறினால் 10,000 செஸ்டர்ஸ் தண்டம், அதில் பாதி முறைப்பாடு செய்தவருக்கு. இரண்டு ஆண்டு கழித்து வந்த சட்டத்தில் கால்வாயைச் சேதப்படுத்தினால் ஒரு இலட்சம். சட்டத்துக்குக் குறைவில்லை. அந்த நிலத்தில் கல்லறைகளும் மாளிகைகளும் மரங்களும் இருந்தன.

இந்த இடத்தில் எனக்கும் புரொன்டினசுக்கும் ஒரு பிணக்கு இருக்கிறது. நூலின் முடிவில், குற்றம் செய்தவர்களின் பெயர்கள் வெளியே தெரியாமல் இருக்கத் தன்னால் இயன்றவரை முயன்றதாக அவர் சொல்கிறார். எச்சரித்ததும் பேரரசரிடம் மன்னிப்புக் கேட்டு ஓடியவர்களுக்கு மன்னிப்பும் கிடைத்தது. அதற்குத் தான் காரணமாக இருந்ததாகவும் கூறிக்கொள்கிறார். அவர் மறைத்த பெயர்கள் யாருடையவை? மன்னிப்புக்காகப் பேரரசரின் வாசல் வரை போகக் கூடியவர்கள் அடிமைகள் அல்ல. செனற்றில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தவர்களாகவே இருக்க வேண்டும்.

மறுபுறம், நீர்ப்பணியாளர்களை அவர் விடவில்லை. அந்தப் பணியாளர்கள் அடிமைகள். கி.மு. 33இல் ரோமின் நீர் வலையமைப்பைச் சீரமைத்த அக்ரிப்பா சொந்தமாக 240 அடிமைகள் கொண்ட ஒரு படையை வைத்திருந்தார். அவர் இறந்ததும் அது அகஸ்டசுக்குப் போய், அவரால் அரசுக்குக் கொடுக்கப்பட்டது. கிளோடியஸ் மேலும் 460 பேரைச் சேர்த்தார். மொத்தம் 700 மனிதர்கள்: மேற்பார்வை செய்வோர், தாங்கிக் காவலர், கால்வாய் வழியே நடந்து பார்ப்போர், கற்பரப்போர், சாந்து பூசுவோர். சுரங்கத்துக்குள் இறங்கிச் சுண்ணப் படிவைச் சுரண்டியவர்களும், இருட்டில் ஈரத்தில் நின்று வெடிப்பைப் பூசியவர்களும் இவர்களே. இந்த எழுநூறு பேரில் ஒருவரின் பெயர்கூட அந்த நூலில் இல்லை. அவர்கள் திருடினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், வாங்கியவர் இல்லாமல் விற்றவர் இல்லை. விற்றவரின் தந்திரம் பக்கம் பக்கமாக விளக்கப்பட்டது. வாங்கியவரின் பெயர் மரியாதையுடன் மறைக்கப்பட்டது.

இருந்தாலும், அவர் செய்ததைக் குறைத்து மதிப்பிட முடியாது. இந்த அடிமைப் படை செல்வாக்குள்ளவர்களின் சொந்த வேலைகளுக்கு அனுப்பப்பட்டு வந்தது. நாளை யார் எங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுப்பது, செய்ததைத் தினமும் பதிவது என்று இரண்டு வழக்கங்களால் அதை நிறுத்தினார். நீர் உரிமைகளில் இருந்து வந்த ஆண்டு வருமானம் 250,000 செஸ்டர்ஸ், டொமீசியனின் சொந்தப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. நேர்வா அதை மக்களுக்குத் திருப்பினார், பணியாளரின் செலவும் அதில் இருந்து ஈடுசெய்யப்பட்டது.

தண்ணீரின் தரத்திலும் கை வைத்தார். மார்சியாவின் தண்ணீர் குளிர்ச்சிக்கும் தெளிவுக்கும் பெயர் பெற்றது. அதைக் குளியலுக்கும் துணி வெளுப்பதற்கும், சொல்லக் கூசும் வேலைகளுக்கும் பயன்படுத்தி வந்தார்கள். ஆற்றில் இருந்து நேரே எடுத்ததால் மழை பெய்தாலே கலங்கும் புதிய ஆனியோவோ, மற்றைய கால்வாய்களின் குறையை நிரப்பக் கலக்கப்பட்டு எல்லாவற்றையும் சேறாக்கியது. புரொன்டினஸ் தண்ணீர்களைப் பிரித்தார். மார்சியா குடிப்பதற்கு மட்டும். பழைய ஆனியோ தோட்டங்களுக்கும் அழுக்கு வேலைகளுக்கும். புதிய ஆனியோவின் தலைவாயிலை மேலே, சுபியாக்கோவில் நீரோ கட்டிய ஏரிகளுக்கு மாற்றுவதற்கு அடுத்த பேரரசர் டிராஜன் உத்தரவிட்டார். சேறு அங்கேயே படிந்துவிடும். தெருத் தொட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வெவ்வேறு கால்வாய்களில் இருந்து இரண்டு வாய்கள் கொடுக்கப்பட்டன. ஒன்று திருத்த வேலைக்காக நின்றாலும் மற்றது ஓடும். கோடை உச்சத்தில் பழுதுபார்க்க வேண்டாம், ஒரு நேரத்தில் ஒரு கால்வாயை மட்டும் நிறுத்துங்கள், வளைவின் மேல் வேலை என்றால் பக்கத்தில் ஈயம் பதித்த தற்காலிக வாய்க்கால் போட்டுத் தண்ணீரைத் தொடர்ந்து விடுங்கள் என்று அவர் எழுதியதில் அனுபவம் பேசுகிறது.

அவருடைய கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. குழாய் வாயின் பரப்பை அளந்தார். தண்ணீரின் வேகத்தை அளக்கவில்லை. அளக்க அவரிடம் கருவி இல்லை. வேகமாக ஓடும் நீர் கூடுதலாகவும், மெதுவாக ஓடும் நீர் குறைவாகவும் கொடுக்கும் என்பதைக் கவனித்துக் குறித்திருக்கிறார், ஆனால் அதை எண்ணாக்க அவரால் முடியவில்லை. அதனால் அவர் கண்டுபிடித்த பத்தாயிரத்தில் எவ்வளவு திருட்டு, எவ்வளவு அளவைப் பிழை என்று பிரிப்பது கடினம். குயினாரியாவை லீற்றராக மாற்ற முயன்ற இன்றைய ஆய்வாளர்கள் ஆளுக்கொரு விடை சொல்வதும் இதனால்தான். துளைகளும் திருட்டுக் குழாய்களும் மட்டும் மண்ணில் இருந்து எடுத்துக் காட்டப்பட்டவை; அவற்றுக்குக் கணக்குத் தேவையில்லை.

98இலும் 100இலும் அவர் மீண்டும் கொன்சல் ஆனார், இரண்டு தடவையும் டிராஜனுடன். ஒருவர் மூன்று தடவை கொன்சல் ஆவது அரிது. 103 அல்லது 104 அளவில் இறந்தார். தனக்கு நினைவுச் சின்னம் எழுப்பக் கூடாது என்று அவர் தடை விதித்திருந்தார். அது வீண்செலவு, வாழ்க்கை தகுதியாக இருந்தால் நினைவு நிலைக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அவர் வகித்த குருப் பதவிக்கு அடுத்து வந்த இளைய பிளினி இதைப் பற்றி ஒரு கடிதத்தில் குத்தலாக எழுதியிருக்கிறார்: கல்லறையில் இரண்டு வரி எழுதுகிறவனை விட, என் நினைவு நிலைக்கும் என்று உலகுக்கே அறிவிக்கிறவன்தான் தற்பெருமைக்காரன் என்பது பிளினியின் கட்சி. பிளினி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிரமிட்டுகளையும் கிரேக்கரின் புகழ்பெற்ற கட்டடங்களையும் பயனற்றவை என்று தன் கால்வாய்களுடன் ஒப்பிட்டு இகழ்ந்தவர்தானே புரொன்டினஸ். அடக்கம் அவருடைய பலம் அல்ல.

537இல் ரோமை முற்றுகையிட்ட கோத் படை கால்வாய்களை வெட்டியது. நகரம் மீண்டும் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் திரும்பியது. புரொன்டினசின் நூல் மொன்டே கசினோ மடத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரதி செய்யப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியில் தப்பிக் கிடந்தது. 1429இல் பொஜ்ஜோ என்ற இத்தாலிய அறிஞர் அதைத் தேடி எடுத்தார். கி.மு. 19இல் அக்ரிப்பா கொண்டுவந்த வேர்கோ கால்வாய் மட்டும் பிற்காலத்தில் திருத்தப்பட்டு, ரோமின் டிரேவி நீரூற்றுக்கு இன்றும் தண்ணீர் கொடுக்கிறது.

1899இல் அந்தக் கையெழுத்துப் பிரதியின் ஒளிப்படங்களுடன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று அமெரிக்காவில் வெளியானது. மொழிபெயர்த்தவர் இலத்தீன் பேராசிரியர் அல்ல, கிளெமென்ஸ் ஹேர்ஷல் என்ற நீரியல் பொறியியலாளர். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1887இல், பெரிய குழாய்களுக்குள் ஓடும் நீரின் அளவை அதன் வேகத்துடன் சேர்த்துக் கணிக்கும் வென்சூரி மானியை உருவாக்கியவர் அவர்.